கோல்கீப்பர் சகாயமும் ஓர் எக்ஸ்ரே படமும்

எங்கள் ஆலையில் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தொழிலாளியின் எண் பொறித்த பித்தளை டோக்கன் தொங்கும். காலையில் உள்ளே போகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள். என் எண் முந்நூற்றுப் பதினெட்டு. முந்நூற்றுப் பதினேழு சகாயத்துடையது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டு மாதமும் அந்த டோக்கன் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஷிஃப்டுக்குப் போய்க் கை நீட்டினேன். பக்கத்து ஆணி காலி. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஜன்னலுக்குள் தலையை விட்டு, "இன்னா சார், நம்மாளு வந்துட்டானா? சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். டைம்கீப்பர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏகாம்பரம், ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துது. விடிகாலைல போய்ட்டாராம். டோக்கன நான்தான் கழட்டி வச்சேன்" என்றார்.

அப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது. சிரித்த வாயை மூடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன எங்கள் கால்பந்துக் கழகச் செயலாளர், "மரியாதையா எழுது, வாடா போடான்னு எழுதிடாத" என்று இரண்டு முறை சொன்னார். சகாயத்தை நான் ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அவரும் என்னை 'மாமு' என்பதைத் தாண்டியதில்லை. ஆனாலும் போனவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? மரியாதையாகவே எழுதுகிறேன். இதில் ஒரு விஷயம் செயலாளருக்குப் பிடிக்காது. அதையும் சேர்த்தே எழுதப் போகிறேன். அதை அச்சில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சகாயம் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்சந்தில். தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சகாயத்துக்கு நினைவு தெரிவதற்குள் போய்விட்டார். தாயார் ரோசம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார். தங்கை பிலோமினா டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் ஓர் அலமாரி உண்டு. துணி வைக்கத்தான் வாங்கினார்கள். கோப்பைகள் சேரச் சேரத் துணியெல்லாம் கயிற்றுக்கு வந்துவிட்டது.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிவதற்கு முன்பே பந்தை உதைக்கத் தெரிந்துவிடும் என்பார்கள். எனக்கு நடக்கத்தான் முதலில் தெரிந்தது. பதினான்கு வயதில் ஒரு மேட்சில் விழுந்து, கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே உள்ள எலும்பு உடைந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டு ஒட்டவைத்தார்கள். அது கோணலாக ஒட்டி, இன்றும் கையால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். இந்த மேட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவொற்றியூரில் உள்ள எங்கள் வார்ப்பட ஆலை, கால்பந்து ஆடுகிறவர்களைத் தேடி வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் இருவரையும் தற்காலிகமாக எடுத்தார்கள். சகாயம் சென்டர் ஃபார்வர்டு. நான் மாற்று கோல்கீப்பர், அதாவது பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் சட்டையைப் பார்த்துக்கொள்கிறவன். முதல் வருடம் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பந்து காலில் இருக்கும்போது பாட்டுப் பாடுவார். எதிரணி ஆட்களுக்கு அதுவே பாதிக் கோபம். "இன்னாபா, கச்சேரிக்கு வந்தியா, ஆட வந்தியா?" என்று ஒருவர் அவர் காலை வாரிவிட்டதும், கீழே கிடந்தபடியே மிச்சப் பாட்டைப் பாடி முடித்ததும் நான் கண்ணால் கண்டது.

இரண்டாவது வருடம் எங்கள் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. நான் குதித்துக்கொண்டு எழுந்தேன். ஒன்றரை வருடம் பெஞ்சைத் தேய்த்தவனுக்கு இப்போதாவது சாமி கண் திறந்தாரே என்று நினைத்தேன். அதற்குள் சகாயம் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நானு நிக்கறேன்" என்றார். கோச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் ஐந்து பந்துகளைப் பிடித்தார், அதில் இரண்டு யாராலும் பிடிக்க முடியாதவை. ஃபார்வர்டாக ஆடிப் பழகியவர் என்பதால், உதைக்கிறவன் எந்தப் பக்கம் உதைப்பான் என்று அவனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் அவர் முன்னால் ஆடவே இல்லை. எனக்கு வயிறெரிந்தது உண்மை.

பிறகு வந்த புகழைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டாத சலூன் ராயபுரத்தில் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவர் நடந்து போனால், ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி "ஏறு தலீவா" என்பார்கள். கோல்கீப்பருக்கு எங்கள் பக்கம் 'கோலி' என்று பெயர். காசிமேட்டில் ரோசம்மா கூடையை இறக்கினால், "கோலி அம்மா வந்துட்டாங்க, வயி வுடு" என்று ஏலத்தில் இடம் கிடைக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அவர் இரண்டு கோல் கம்பங்களையும் தொட்டு ஏதோ முணுமுணுப்பார். ஜெபம் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் கேட்டேன். "ஜெபமா? அத்தெல்லாம் கோயில்ல. கம்பத்தாண்ட பேசி வச்சிக்கறேன் மாமு. நானு வுட்டா நீ புடின்னு" என்றார்.

அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தின் இடைவேளை. எல்லோரும் எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருந்தார்கள். சகாயம் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் துண்டை விரித்துக் காட்டினார். நடுவில் சிவப்பாக ஒரு கறை.

"வெத்தல போட்டியா?" என்றேன்.

"போடல மாமு."

அப்போதுதான் சொன்னார். ஆறு மாதமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. பாதி மைதானம் ஓடினால் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. "அதான் கோலுக்குப் போனேன். அங்க ஓட வாணாம் பாரு. உன் எடத்த எட்த்துகினேன்னு உனுக்குக் கோவம். தெரியும். வேற வயி தெர்ல மாமு" என்றார். வடசென்னையே மேதாவித்தனம் என்று கொண்டாடிய மாற்றம் அது. ஓட முடியாத மனிதர் நிற்க ஓர் இடம் தேடியிருக்கிறார்.

எனக்கு வயிறெரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது. போனதன் பிறகு வந்ததுதான் கெடுதல்.

அடுத்த மாதம் எங்கள் பிரிவில் தற்காலிக ஆட்களை நிரந்தரம் செய்ய மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். நெஞ்சுப் படம் எடுக்க ஒரு வண்டி ஆலைக்குள்ளேயே வந்து நின்றது. முந்தின வருடம் நெஞ்சில் புள்ளி இருக்கிறது என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சகாயத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது. "வேல பூட்ச்சுனா ஆட்டமும் பூட்ச்சு மாமு. அம்மா எத்தினி நாளிக்குக் கூடை தூக்கும்?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "டோக்கன எங்கிட்ட குடு. நானே ரெண்டு தபா நிக்கறேன்" என்று சொன்னது நான்.

அந்த வண்டியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு டோக்கனைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருந்து, சட்டையைக் கழற்றி அதை நீட்ட வேண்டும். கம்பவுண்டர் எண்ணைப் பார்த்துப் பட்டியலில் பெயரை எழுதுவார். பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். "மூச்சை இழு, பிடி, விடு, அடுத்தது." காலையில் முந்நூற்றுப் பதினெட்டாகப் போய் நின்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு முந்நூற்றுப் பதினேழாக மறுபடி வரிசையில் நின்றேன்.

வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். சகாயத்தின் முகம் தெரியாதவர் அவர்களில் யார்? நான் யாருடைய டோக்கனோடு நிற்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோப்பை இறுதியாட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. "உஷாரா நில்லு, மூஞ்ச ரொம்பக் காட்டாத" என்று பின்னாலிருந்து ஒருவர் என் காதில் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்வதுபோல் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் புகழில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததுபோல.

இறுதியாட்டத்தில் வென்றோம். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை அவர் பிடித்ததும் கூட்டமே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டை வரைக்கும் போனோம். என் தோளில் ஒரு கால், இன்னொருவர் தோளில் ஒரு கால். மேலிருந்து அவர் இருமியது எனக்கு மட்டும் கேட்டது. "நிரந்தரம் ஆயிட்சுல, நாளிக்கே டாக்டராண்ட போ" என்று மறுநாள் சொன்னேன். போனார். இந்த இடத்தை எழுதத்தான் எனக்குப் பேனா ஓடவில்லை.

ஆலை டாக்டர் நல்ல மனிதர். சகாயத்தின் ரசிகர். இருமல் என்றதும் ஃபைலைத் திறந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாராம். "மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்த படம்ப்பா. நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு. புகைதான் ஒத்துக்கலை" என்று சொல்லி, ஒரு சிவப்பு மருந்துப் புட்டியும் இரண்டு நாள் லீவும் கொடுத்து அனுப்பினார். சகாயம் அந்தப் புட்டியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். "இன்னா மாமு, உன் நெஞ்சு கண்ணாடியாமே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று நினைத்தோம். இன்னொரு பருவம் போகட்டும், தங்கை படிப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனோம். வெளியே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் பெயரை மாற்றிச் சொல்லிக் காட்டலாம் என்றால், அந்த முகத்தை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது? ஒருநாள் புறப்பட்டும் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிற அம்மாள், "அய்யே, கோலி சகாயம்! இன்னாபா இங்க? யாருக்கு ஒடம்பு?" என்று கத்த, நாலு பேர் கூடிவிட்டார்கள். "தோஸ்த்த பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். புகழ் என்றால் இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு அவரை அழைத்துக் கடிதம் வந்தபோது அவர் போகவில்லை. தலைக்கனம் என்று சிலர் பேசினார்கள். சொந்த ஊரை விட்டுப் போக மனமில்லாதவர் என்று சிலர் மெச்சினார்கள். முகாமில் முதல் வேலையே மருத்துவப் பரிசோதனை. அங்கே கொண்டுபோய் நீட்ட என் நெஞ்சு கிடையாது. கடிதத்தை மடித்து அலமாரியில் கோப்பைகளுக்கு அடியில் வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கோலுக்குலாம் எனுக்கு ஆச இல்ல மாமு. ஒடம்பு தேறுனா ஒரே ஒரு தபா முன்னால ஆடணும். பாடிக்கினே ஓடணும்."

அதற்குப் பிறகு ஒரு வருடம் தாக்குப் பிடித்தார். போன மழைக்காலத்தில் ஒரு பயிற்சியின்போது கோல் கம்பத்தைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாயெல்லாம் ரத்தம். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே முதல்முறையாக அவருடைய சொந்த நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் போயிருந்தது. "ஆறு மாசம் முன்னால வந்திருந்தா பொழைச்சிருப்பாரா சார்?" என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா, ஒரு வருஷம் ஊசியும் மாத்திரையும். இந்நேரம் ஆடிக்கிட்டு இருப்பார்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார்.

இருபத்தாறு வயது. ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று சாவு வீட்டில் ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். அவருக்கு எழுபதுக்குக் குறையாது. ராயபுரத்தில் அன்றைக்குக் கடைகள் மூடிக் கிடந்தன. பெட்டியை நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோகாமல் மைதானத்துக்குக் கொண்டுபோய், இரண்டு கம்பங்களுக்கு நடுவே சிறிது நேரம் இறக்கி வைத்தோம். யாரோ பந்தைப் பெட்டியின் மேல் வைத்தார்கள். காற்றுக்கு அது உருண்டு விழுந்து கோலுக்குள் போனது. அதைப் பார்த்து ஜனங்கள் அழுத அழுகை துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரோசம்மாவைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பிய செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து நெஞ்சைக் காட்டிவிட வேண்டும், முக்கியமாகத் தங்கை. உள்ளே நுழைந்ததும் தெரு ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டேன். கம்பியில் துணி கிளிப்பால் மாட்டி, வெளிச்சம் பட ஓர் எக்ஸ்ரே படம் தொங்கியது. ஆலையிலிருந்து அவருடைய பூட்ஸ், கையுறைகளோடு மருத்துவக் கோப்பில் இருந்ததையும் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். படத்தின் மூலையில் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும் எண்ணும் இருந்தன. இடது தோள் எலும்பு கோணலாக இருந்தது.

"பாரு ஏகாம்பரம், எம் புள்ள நெஞ்சப் பாரு. இன்னா சுத்தமா கீது" என்றார் ரோசம்மா. "ஆலை டாக்டரு எயுதியே குட்த்துகீறாரு, ஒரு நோவும் இல்லன்னு. நல்லா இருந்த கொயந்தய ஆஸ்பத்திரில ஊசி போட்டே கொன்னுட்டானுங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டாக்டர் சொன்னதை மென்று விழுங்கிச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. "என் வூட்ல யாருக்கும் நெஞ்சு நோவு கெடையாது. இதோ சாட்சி கீது. வயசுக்கு வந்த பொண்ண அந்த ஆஸ்பத்திரில கொண்டுபோய் நிறுத்துனா யாரு கட்டுவான்? அவன அனுப்பிட்டேன், இவளையும் அனுப்பணுமா?" என்றார். உள்ளே பிலோமினா இருமினாள். ஒருமுறை இருமி, வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி இருமினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். தண்டையார்பேட்டை ரோட்டில் என் தோளுக்கு மேலே கேட்ட சத்தம். அப்படியும் நான் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். இருந்திருந்தால் இந்தியாவுக்கு ஆடியிருப்பார், இருந்திருந்தால் வெளிநாட்டுக்காரன் விமானம் அனுப்பி அழைத்திருப்பான், இருந்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். அன்றைக்கு வரிசையில் என் காதில் "உஷாரா நில்லு" என்றவரும் பேசினார். விதி பொல்லாதது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குள் எரிந்துகொண்டு வந்தது. விதியாவது மண்ணாவது! விதி என்ன டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையிலா நின்றது? சகாயம் இருந்திருந்தால் முப்பது வயதில் கல்யாணம் ஆகியிருக்கும், நாற்பதில் தொப்பை விழுந்திருக்கும், எங்களோடு டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது போதும். என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "நல்ல ஆட்டக்காரர், நல்ல நண்பர்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி, மேடைக்குப் பின்பக்கமாக நடந்து நேரே மாதா கோயில் பின்சந்துக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு கண் மிச்சம் இருந்தது.

"அம்மா, அந்தப் படத்துல இருக்கறது சகாயம் இல்ல. நானு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சட்டையைக் கழற்றினேன். அவர் கையைப் பிடித்து என் தோள் மேட்டின் மேல் வைத்தேன். பிறகு அதே விரலைப் படத்தில் கோணலாக இருந்த எலும்பின் மேல் வைத்தேன். செதில் கீறி வெடித்த விரல் அது. அவர் தாமாகவே மறுபடி என் தோளைத் தொட்டார், மறுபடி படத்தைத் தொட்டார். பிலோமினா கதவோரம் வந்து நின்றாள். டோக்கனையும் வண்டியையும் புட்டி மருந்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவன் கேட்டானா? இல்ல நீயாத்தான் செஞ்சியா?" என்று கேட்டார்.

அவன் கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். சாட்சி சொல்ல அவர் இல்லை. "நானாத்தான்" என்றேன்.

ரோசம்மா எழுந்து படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எட்த்துகினு போ. காலைல எந்திரிச்சு எம் புள்ளன்னு நெனச்சு இத்தத்தான் முத்தம் குட்த்துகினு இருந்தேன். இத்தினி நாளும் உனக்கா குட்த்தேன்?" என்றார். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில் போய் இடம் பிடித்து நின்றேன். வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒன்பது மணிக்கு ரோசம்மா பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் விலகிவிட்ட இடத்தில் மகளை நிறுத்தினார். எங்கள் முறை வந்தது. கம்பவுண்டர் தலையைக் குனிந்தபடியே சீட்டை வாங்கி, எண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். ரோசம்மா மேஜையை ஓங்கித் தட்டினார். வரிசையே திரும்பிப் பார்த்தது. மகளின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்திக் காட்டி, "தலையத் தூக்கிப் பாரு நைனா. பேரு பிலோமினா. இதான் அவ மூஞ்சி. நல்லாப் பாத்துட்டு அப்பால எயுது" என்றார்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

வலப்பக்கம் சிறியதாக ஒரு புள்ளி. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், ஒரு வருடம் விடாமல் ஊசியும் மாத்திரையும் எடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சகாயத்துக்குச் சொல்லியிருக்க வேண்டிய அதே வார்த்தைகள். வாரத்தில் இரண்டு நாள் ஊசிக்கு நான்தான் அவளை அழைத்துப் போகிறேன். ரோசம்மா என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆலை டாக்டரிடமும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை.

முந்நூற்றுப் பதினேழாம் எண்ணைப் புதிதாக வரும் ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். அதுவரை அந்த ஆணி காலியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்த்ததும், ஒரு நிமிடம் நீ எனக்கு முன்பே உள்ளே போய்விட்டாய் என்றே தோன்றுகிறது. செயலாளர் மன்னிக்க வேண்டும், இதற்கு மேல் என்னால் மரியாதையாக எழுத முடியவில்லை.

போய் வாடா, சகாயம். நீ விட்டதை நான் பிடிக்கவில்லை. உன் தங்கையை விட மாட்டேன்.